கால் கிலோ

மண்டியில் மூட்டைக்குத்தான் விலை.
அன்றைக்கு நாற்பத்தைந்து கிலோ நூற்றெண்பது ரூபாய்.
பத்துக்கு ஒன்று கமிஷன்,
ஏற்றுகூலி, இறக்குகூலி, வேன் வாடகை,
கோணிக்கும் கழித்துக்கொண்டார்கள்.
துண்டுச் சீட்டில் மிஞ்சியதற்கு
மூன்று பேருக்கும் டீ வந்தது.
வடை வரவில்லை.

இலவம்பாடி முள்ளுக் கத்திரி.
காம்பில் முள், இலை நரம்பில் முள்.
ஆளுக்கு அரை ஏக்கர், ஒன்றரை ஏக்கரிலும்
ஒரு பூச்சிக்கு மட்டும்தான் லாபம் என்பான் கஜபதி.

ஆனைக்கட்டில் இளம் உழவர்க்குத் தொழில் பயிற்சி.
மூன்று நாள், மதியச் சாப்பாடு, ஜிப் போகாத ஒரு பை.
கட்டம் போட்ட தாள் கொடுத்தார்கள்:
உங்கள் வாடிக்கையாளர் யார்?
நான் மண்டிக்காரர் பெயரை எழுதினேன்,
இனிஷியலோடு.
ஜலகண்டன் யோசித்து யோசித்து
கட்டத்துக்குள் ஒரு கத்தரிக்காய் வரைந்தான்.

பதில் வேலூரில் இருந்தது,
பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு லாட்ஜில், மூன்றாம் மாடியில்.
கஜபதியின் அக்காவுக்கு ஆபரேஷன்.
சோறு கொண்டுபோன நான்
நடைவழியில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பார்த்தேன்.
ஒருத்தி கத்தரிக்காய் சுட்டுக்கொண்டிருந்தாள்.
சங்கு வளையல், கலைந்த தலை.
காம்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது
எங்கள் பக்கத்துக் காய்.
"எவ்ளோ?" என்று விரலால் கேட்டேன்.
ஆறு விரல் காட்டினாள், பிறகு முஷ்டி மடக்கினாள்.
அறுபது.
"பேகுன்" என்றாள், காயைத் திருப்பிப் போட்டபடி.
நான் கற்ற முதல் வங்காளச் சொல்.

சங்கத்தில் அறுபதாயிரம் கடன்.
பழைய மொபெட், நாலு கிரேட்டு,
தராசு, ஈரச் சாக்கு.
முதல் மாதம் பாதி அழுகியது.
லாட்ஜ் மேனேஜர் படிக்கட்டுக்கு வாடகை கேட்டார்.
"இன்னா யுவராணி,
கால் கிலோ கால் கிலோவா வித்துக்கினு
என்னைக்கி கடன அடைக்கறது?"
கஜபதி பெங்களூருக்குப் போகிறேன் என்று
பை தைக்கக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஏன் கால் கிலோ என்று
எனக்கும் அப்போது தெரியாது.
அரைக் கிலோவை இரண்டு ரூபாய் குறைத்துப் பார்த்தேன்.
யாரும் வாங்கவில்லை.
நாளைக்கு டாக்டர் போகச் சொல்வாரா
இன்னும் பத்து நாள் இருக்கச் சொல்வாரா
தெரியாதவர்கள்
நாளைக்கான காயை வாங்குவதில்லை.

அதன்பிறகு மூட்டையை மறந்தோம்.
பிஞ்சாக, கையளவாக,
இரண்டு பச்சை மிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி,
ஒரு வேளைக்குக் கட்டிய பொட்டலம், இருபது ரூபாய்.
மாலையில் மறுநாளைக்கு எண்ணி எழுதிக்கொண்டு
எழுதிய அளவுக்கே விடியலில் பறித்தோம்.
ஏழு லாட்ஜ்.
தவணை போக, பெட்ரோல் போக
போன மாதம் ஆளுக்கு ஆறாயிரத்து நானூற்றுப் பத்து.
தைத்த பையில் கஜபதி கொத்தமல்லி கொண்டுவருகிறான்.

பயிற்சி கொடுத்தவர்கள் மறுபடி வந்தார்கள்,
புதிய தாளோடு:
திரும்பி வரும் வாடிக்கையாளர் எத்தனை சதவீதம்?
பேனா அங்கேயே நின்றது.
எங்களிடம் வாங்குகிற ஒவ்வொருவரும்
திரும்பி வராமல் இருக்கவேண்டும் என்று
வேண்டிக்கொண்டுதான் சில்லறை கொடுக்கிறேன்.
அதற்குச் சதவீதம் உண்டா?
வேண்டுதலோடு பொட்டலத்தை எண்ணுகிறவளும் நான்தான்.
காலியான அறை எத்தனை என்று
மேனேஜரிடம் கேட்கிறவளும்.

பதினாலாம் அறை, அறுபது ரூபாய் பாக்கி.
சங்கு வளையல்காரி.
ஒரு காலையில் பூட்டு தொங்கியது.
ஊருக்கு டிக்கெட் கிடைத்துப் போனார்களா
வேறு மாதிரியா என்று
நான் கேட்கவில்லை.
வாராக் கடன் என்று தனிப் பக்கம் உண்டு.
அதில் எழுதவில்லை.
அடிக்கவும் இல்லை.
வருஷக் கணக்கு முடிக்கும்போது
ஜலகண்டன் அந்த வரியில் விரல் வைத்தான்,
எடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனான்.

இன்று காட்பாடிக்கு
ஹவுரா வண்டி மூன்று மணி நேரம் தாமதமாம்.
பறித்தது கிரேட்டில் இருக்கிறது.
"சாக்க இன்னொரு தபா நனைச்சுடு" என்கிறான்.
நனைக்கிறேன்.